மன்னனும் பத்திரிகையும்

நல்லூர் முத்திரைச் சந்தியைக் கடந்து செல்வோர் அங்கே சங்கிலியன் சிலையைக் காண்பர். அதே யாழ்ப்பாணத்தில் பிறந்த ‘ஈழநாடு’ பத்திரிகைக்குச் சிலை இல்லை. மன்னனுக்கும் பத்திரிகைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு யாதுமில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் நமக்கொரு பாடம் உண்டு.

இரண்டாம் சங்கிலி 1617இல் அரசுரிமைக்குப் போட்டியானோரைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றினான். பின்னர்ப் போர்த்துக்கேயரின் அங்கீகாரத்தை வேண்டினான். குடிகளின் இசைவை அவன் நாடினானில்லை. சட்டத்தின் மொழியிற் கூறுவதாயின், அவனது உரித்துறுதியே பழுதுடையது. 1618இல் உள்நாட்டிலேயே கலகம் மூண்டபோது தஞ்சை நாயக்கரின் உதவியை நாட நேர்ந்தது. 1619இல் போர்த்துக்கேயர் படையெடுத்து வந்து அவனைச் சிறைப்பிடித்தனர், கோவாவிற் கொன்றனர். அவன் எதிர்த்து நின்றதை நாம் மறக்கவில்லை. ஆனால் பிடிபட்டவன் ஒருவன். முடிந்ததோ ஓர் அரசு!

1959இல் தோன்றிய ‘ஈழநாடு’வுக்குக் கோட்டையுமில்லை, படையுமில்லை. காசு கொடுத்து வாங்கிய ஆசிரியரும், வழக்கறிஞரும், கமக்காரருமே அதற்கு அங்கீகாரம் அளித்தோர். அந்த அங்கீகாரமோ ஒவ்வொரு காலையும் புதுப்பிக்கப்பட வேண்டியது. 1981 யூன் மாதத் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையான அந்நாள்களில், அதன் அலுவலகமும் எரிக்கப்பட்டது. இருந்தும் பத்திரிகை மீண்டும் வெளிவந்தது. வாங்குவதற்கு வாசகர் காத்திருந்தனர். ஆதலால் அச்சிடுவோரும் துணிந்தனர்.

மன்னரைத் தேடும் பழக்கம் நம்மவரை விட்டு இன்னும் அகலவில்லை. தேர்தல்தோறும் ஒரு தலைவரைத் தோளில் ஏற்றுகிறோம். அவர் தவறினால் இனமே தவறியதென்று புலம்புகிறோம். கமக்காரர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், வாசிகசாலை, பத்திரிகை என்று பலர் சேர்ந்து தாங்க வேண்டிய எதற்கேனும் பணம் கேட்டால் மட்டும் நமது கை சுருங்குகிறது. கூட்டத்துக்கு வா என்றால் வயலில் வேலை என்கிறோம். நீதிமன்றில் வழக்கு என்கிறோம். ஒருவரை வீழ்த்தினால் அனைவரும் வீழ்வர் என்ற நிலையை நாமே வலிந்து உண்டாக்கிக் கொள்வது அறிவுடைமையாகுமா?

சங்கிலியன் சிலைக்கு மாலை சூட்டுங்கள். அது நம் கடன். ஆனால் அந்த மாலை வாடுமுன் உங்கள் ஊர் வாசிகசாலைக்குச் செலுத்த வேண்டிய சந்தாவையும் செலுத்திவிடுங்கள்.