ஸ்டேஷன் எங்கே தங்கியிருக்கிறது?

நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு ஒரு புத்தகம் வாங்கினேன். இங்கிலீஷ்காரர்கள் போர்ச்சுகீஸ் கற்றுக்கொள்வதற்கான புத்தகம். (‘உங்களுக்கு எதுக்கு?’ என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.)

அதில் ‘ஃபிக்கார்’ என்று ஒரு வினைச்சொல். ‘தங்குவது’ என்று அர்த்தம் போட்டிருந்தது. சரி என்று பக்கத்தைத் திருப்பினால், ‘ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?’ என்று விசாரிக்கவும் அதே ஃபிக்கார். நேற்றுவரை வேறு ஊரில் தங்கியிருந்ததா ஸ்டேஷன் என்று வெள்ளைக்காரர் திகைக்க மாட்டாரா?

அதோடு விட்டார்களா? கோபம் வந்தால் ஃபிக்கார். உடம்புக்கு வந்தால் ஃபிக்கார். கடையில் ‘இதையே எடுத்துக்கறேன்’ என்றாலும், டாக்ஸிக்காரரிடம் ‘மீதிச் சில்லறையை நீங்களே வெச்சுக்குங்க’ என்றாலும் ஃபிக்கார்தான். இங்கிலீஷில் ஸ்டே வேறு, பிகம் வேறு, கீப் வேறு. பாவம், அவர்கள் பட்டியல் போட்டு உருப்போட வேண்டும்.

நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை என்று தோன்றுகிறது. ‘புருஷன் போனப்புறம் தனியா நின்னுட்டா’, ‘கடனாளியாகி நிக்கிறான்’ என்கிறோமே, அந்த நிற்பதுதான் இது. ஒரு மாற்றம் வந்துவிட்டது. வந்த இடத்திலேயே ஆள் மீந்தும் நிற்கிறார். ‘பிகம்’ என்று சொல்லும்போது அந்த இரண்டாம் பாதி கழன்று விழுந்துவிடுகிறது.

பிரேசில் இளசுகள் செய்த வேலைதான் அக்கிரமம். பார்ட்டியில் சந்தித்து, முத்தமிட்டு, மறுநாள் யாரோ எவரோ என்று போய்விடலாம். அதற்கும் அவர்கள் வைத்த பெயர் ஃபிக்கார். தங்காததற்குத் தங்கல் என்று பெயர்!

அதே பிரேசிலில்தான் இந்த ஒரு சொல் சரித்திரமும் ஆனது. ஊருக்குத் திரும்பு என்று லிஸ்பன் உத்தரவு போட்டபோது, 1822 ஜனவரி 9-ம் தேதி, இளவரசர் பெத்ரோ ‘ஃபீக்கு’ என்றார். இங்கேயே இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த நாளுக்கே ‘ஃபீக்கு நாள்’ என்று பெயர். செப்டம்பரில் சுதந்திரப் பிரகடனம், டிசம்பரில் மகுடம். தங்குகிறேன் என்றவர் சக்கரவர்த்தி ஆகிவிட்டார், ஒரே வினைச்சொல்லின் இரண்டு அர்த்தத்திலும்.

ஆனால் 1831-ல் மனுஷர் முடிதுறந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டார், ஐந்து வயது மகனை அரியணையில் விட்டுவிட்டு. அந்தப் பையன் நின்றான், 1889 வரைக்கும்.