ஆட ஊரில்லாச் சோழர்

கல்லூரி விளையாட்டின் காலம் முடிந்தது, இனித் திறமையை லீக்குகளே கண்டெடுக்கும் என்கிறார்கள் நண்பர்கள் சிலர். கல்லூரியில் பாடம் நடத்தும் நாம் இதை ஏற்பதற்கில்லை.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் நம்மூர்ப் பெயர் சூடிய கிரிக்கெட் அணி 'திருச்சி கிராண்ட் சோழாஸ்'. சோழரின் பழந்தலைநகராம் உறையூர் திருச்சிக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் 2025இல் ஆட்டங்கள் நடந்ததோ கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் பகுதிகளில். இறுதியாட்டம் நத்தம் என்.பி.ஆர். கல்லூரித் திடலில். ஊரின் பெயர் வேண்டும், கல்லூரியின் திடல் வேண்டும். கல்லூரி மாணவருக்கு இதில் என்ன பங்கு? அரங்கன் பெயரால் வேற்றூரில் உற்சவம் நடத்திவிட்டுத் திருவரங்கத்தாரை மகிழச் சொல்வது போலிருக்கிறது.

2023 ஏலத்தில் சாய் சுதர்சன் 21.6 லட்சத்துக்குப் போனார். நல்லது, உழைப்புக்குக் கூலி. ஆனால் ஓடுகிறவர்களுக்கு?

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வருள் ஆரோக்கிய ராஜீவும் சுபா வெங்கடேசனும் திருச்சிக்காரர்கள். மூன்றாமவர் ரேவதி வீரமணிக்கு இடமளித்தது மதுரை லேடி டோக் கல்லூரி. வேலை கொடுத்தது ரயில்வே. ராஜீவுக்குச் சோறிட்டது இராணுவம். எந்த லீக்கும் அல்ல. (சில நிமிடங்களில் முடியும் ஓட்டத்தின் நடுவே விளம்பரம் போட முடியாதல்லவா!)

மாவட்டப் பெயரைச் சூடும் அணி, அம்மாவட்டக் கல்லூரிப் போட்டிகளின் செலவில், தடகளம் உட்பட, ஒரு பங்கை ஏற்க வேண்டுமென விதி செய்க. மறுக்கும் அணி வேறு பெயர் தேடிக்கொள்ளட்டும்.