ராட்சத அலையும் அமைதியான நீரும்

பருவத் தேர்வுகள் முடிந்துவிட்டன. வளாகத்தில் இப்போது இரண்டு பேச்சுகள்தாம் கேட்கின்றன. ஒன்று ஆய்வேட்டுக்கான கெடு, மற்றொன்று அந்தமான். 2024 சனவரிக்குப் பிறகு இலட்சத்தீவும் அந்த ஆசைப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. செல்பவர்களை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கடலைப் பற்றி நாம் பேசும் மொழி, கடலில் இறங்கி நிற்பவருக்கு உதவுவதாக இல்லை என்பதே நான் சொல்ல வருவது. கடலியல் என் துறையன்று. ஆனால் எச்சரிக்கை என்பது முதலில் ஒரு மொழிச்செயல் என்பதால் மொழியியல் படிப்பவர்களுக்கும் இதில் சொல்ல ஏதோ இருக்கிறது.

கடலில் மூழ்கியவர்களைப் பற்றிய தமிழ்ச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு 'ராட்சத அலை' என்ற தொடர் பழகிப்போயிருக்கும். ராட்சத அலையில் சிக்கினர், ராட்சத அலை இழுத்துச் சென்றது என்றே வாக்கியங்கள் அமைகின்றன. அலை எழுவாயாகவும் மனிதர் செயப்படுபொருளாகவும் ஆகிவிடுகிறார்கள். நிருபரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைக்கும் சொல் அதுதான். ஆனால் அந்தத் தொடர் ஆண்டுக்கணக்காக வாசகருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்திருக்கிறது: அஞ்ச வேண்டியது உயர்ந்து வரும் அலைக்கு. ஆகவே கடற்கரையில் நிற்கும் குடும்பம், அலை உடைந்து நுரைக்கும் இடத்தை விட்டு விலகி, இரண்டு நுரைப் பட்டைகளுக்கு நடுவே சற்றே கருமையாக, அலையடங்கித் தெரியும் நீரைத் தேர்ந்தெடுக்கிறது. குழந்தையை அங்கேதான் இறக்குகிறது. பல வேளைகளில் ஆபத்து இருப்பதும் அங்கேதான்.

காரணம் எளிது. ஒவ்வோர் அலையும் உடையும்போது நீரைக் கரைமேல் தள்ளுகிறது. தள்ளப்பட்ட நீர் எங்கேனும் வழி கண்டு திரும்பியாக வேண்டும். மணல்திட்டில் பள்ளம் இருக்கும் இடம், பாறையை ஒட்டிய ஓரம், படகுத்துறைத் தூண்களின் அருகு என ஆழம் கூடிய குறுகிய வழிகளில் அது ஒன்றுதிரண்டு கடலை நோக்கி ஓடுகிறது. ஆழம் அதிகமென்பதால் அங்கே அலை உடைவதில்லை. உடையாததால் அமைதியாகத் தோன்றுகிறது. நாம் அடைக்கலம் என்று நினைப்பது உண்மையில் வடிகால். இதன் வேகம் பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர் அளவிலேயே இருக்கும்; அதுவே சாதாரணமாக நீந்தத் தெரிந்தவரைச் சோர்வடையச் செய்யப் போதும். நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டிய வேகமும் அளக்கப்பட்டிருக்கிறது. 100 மீட்டரை 47 நொடிக்குள் நீந்தும் உலக சாதனையாளரின் சராசரி வேகமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

இதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. 'இழுவை நீரோட்டம்' என்று சிலர் எழுதுகிறார்கள். நானும் அதையே பயன்படுத்துகிறேன், முழு மனநிறைவு இன்றி. ஆங்கிலமும் இதில் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. 'ரிப் டைடு' என்று பொதுவழக்கில் சொல்கிறார்கள். அது ஓதம் அன்று. 'அண்டர்டோ' என்கிறார்கள், இந்த நீரோட்டம் ஆளை அடியாழத்துக்கு இழுப்பதில்லை. நம்மூரில் 'சுழல்' என்கிறோம், சுழலும் அன்று. சொல்லாராய்ச்சியாக மட்டும் இதைக் கருத வேண்டாம். கீழே இழுக்கப்படுகிறோம் என்று நம்புகிறவர் கையையும் காலையும் அடித்து மூச்சைத் தொலைக்கிறார். வெளியே கொண்டுசெல்லப்படுகிறோம் என்று அறிந்தவருக்கு மிதந்துகொண்டிருக்க நேரம் உண்டு. தவறான பெயர் தவறான அசைவுக்கு இட்டுச்செல்கிறது. தென்தமிழகக் கடற்கரையில் மீனவர்கள் நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள். அந்தச் சொல் படகு செலுத்துவோரின் உலகத்தைச் சேர்ந்தது. கரையோரம் இடுப்பளவு நீரில் நிற்பவரின் உலகம் வேறு. ஆயினும் புதுச்சொல் ஆக்க முனைவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

தீவுகளில் இந்தப் பிழை இன்னும் கூர்மையாகிறது. இலட்சத்தீவின் பெரும்பாலான தீவுகளில் மேற்குப் பக்கத்தில் பவளத்திட்டு வேலிபோல் நிற்க, அதற்குள் லகூன் எனப்படும் ஆழமற்ற உள்நீர்ப்பரப்பு பச்சைக் கண்ணாடியாய்க் கிடக்கிறது. விளம்பரப் படங்கள் எல்லாம் அங்கே எடுக்கப்பட்டவை. அது பெரும்பாலான நாள்களில் பாதுகாப்பானதே. ஆனால் வெளியே கடல் கனத்திருக்கும் நாளில் பவளத்திட்டின் மேல் உடையும் அலைகள் ஓயாமல் நீரை உள்ளே கொட்டுகின்றன. உள்ளே நீர்மட்டம் உயர்கிறது. அந்த நீர் திட்டில் உள்ள இடைவெளிகள் வழியே, அதாவது படகுகள் போய்வரும் அதே வாய்க்கால்கள் வழியே, வெளியேறுகிறது. ஓதம் வடியும் நேரமும் சேர்ந்துகொண்டால் ஓட்டம் மேலும் விரைவுபெறும். லகூனில் மூச்சுக்குழாய் வைத்து மீன் பார்த்துக்கொண்டே முகம் கவிழ்ந்து மிதப்பவருக்கு, தான் நகர்ந்துகொண்டிருப்பது தெரியவே தெரியாது.

அந்தமானில் கணக்கு வேறு. ராதாநகர் கடற்கரை மேற்கு நோக்கியது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் மே இறுதியிலிருந்து அந்தப் பக்கம் கொந்தளிக்கும். அதே சுவராஜ் தீவின் கிழக்கே இருக்கும் காலாபத்தரில் அப்போது கடல் ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது நிலைமை மாறும். 'அந்தமான் கடல் எப்படி இருக்கிறது?' என்று கேட்பதில் பொருளில்லை. எந்தக் கரை, எந்த மாதம் என்று கேட்க வேண்டும்.

வெளியே கடல் கனத்திருப்பதைக் கரையிலிருந்து கண்டுகொள்ள முடியாத நாள்களும் உண்டு. அவற்றுக்கு அழகான ஒரு பெயர் மலையாளக் கடற்கரையில் இருக்கிறது: கள்ளக்கடல். தமிழருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவு; ஆனால் கடல் திருடனைப்போல் வந்து வீட்டுக்குள் நுழைகிறது. தெற்கே, அண்டார்க்டிக்காவை ஒட்டிய பெருங்கடலில் எழும் புயல்கள் நெடிய அலைகளை வடக்கே அனுப்புகின்றன. 16 நொடிக்கு ஒருமுறை வரும் அலைத்தொகுதி ஒரு நாளில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நகரும். 5,000 கிலோமீட்டர் கடக்க ஐந்து நாள் ஆகலாம். புயல் அடங்கி, செய்தியும் மறந்த பிறகு அதன் அலை மினிக்காய்க் கரையில் வந்து மோதும். மீனவர் வாய்மொழியாக இருந்த இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றது. இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், அதே சொல்லைக் கொண்டே எச்சரிக்கை விடுக்கிறது. கள்ளக்கடல் பெரிதும் வருவது பருவமழைக்கு முந்தைய மாதங்களில், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில். நம் பல்கலைக்கழக விடுமுறையும் அப்போதுதான்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது. அடுத்த நாள் செய்திகளில் ராட்சத அலை வந்தது.

ஏன் அந்த எச்சரிக்கை சென்று சேர்வதில்லை? எண்களிலிருந்தே தொடங்கலாம். அறிக்கைகளில் காணப்படும் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' என்பது ஒரு புள்ளியியல் அளவு: வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனியோர் அலை அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரலாம். 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லிலிருந்து இதை யார் ஊகிப்பார்? அதைவிட முக்கியம், உயரம் மட்டும் பாதிச் செய்திதான். ஒரு மீட்டர் அலை 8 நொடிக்கு ஒருமுறை வருவதும் 16 நொடிக்கு ஒருமுறை வருவதும் ஒன்றல்ல. இரண்டாவது சுமந்து வரும் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. கரைமேல் அது ஏறும் தூரமும் அதிகம். நிருபரும் வாசகரும் உயரத்தைப் படித்து, 'ஒரு மீட்டர்தானே' என்று நொடிக்கணக்கைத் தாண்டிச் செல்கிறார்கள்.

அடுத்தது வினைச்சொல். நம் கடற்கரைப் பலகைகளில் பொதுவாகக் காணப்படுவது 'நீந்துதல் தடை' அல்லது அதன் ஆங்கில, இந்தி வடிவம். இந்தியர்களில் எத்தனை பேர் கடலில் நீந்துகிறோம்? நாம் நிற்கிறோம், கால் நனைக்கிறோம், கைகோத்து அலைக்கு முதுகு காட்டிக் குதிக்கிறோம், குளிக்கிறோம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே 'கடலாடு காதை' என்று பெயர். 'கடலாடுதல்' என்ற வினைக்குள் நீச்சல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே பலகையைப் படித்தவர், 'நான்தான் நீந்தவில்லையே' என்று தண்ணீரில் இறங்குவது விதிமீறல்கூட அன்று. சொற்பொருளுக்கு உட்பட்ட நேர்மையான வாசிப்பு. நீந்தத் தெரியாதவரே அதிக ஆபத்தில் இருப்பவர். பலகை அவரோடு பேசவே இல்லை.

ஆஸ்டின் காட்டும் எடுத்துக்காட்டை வகுப்பில் படித்திருப்போம்: வயலில் காளை நிற்கிறது என்பது வெறும் செய்தியா, எச்சரிக்கையா என்பது சொற்களில் மட்டும் இல்லை, கேட்பவர் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால்தான் அந்தச் செயல் நிறைவேறுகிறது. நம் தீவுப் பலகைகள் பெரும்பாலும் சொல்பவரின் கடமையை நிறைவேற்றுகின்றன. 'அறிவித்தோம்' என்று கோப்பில் எழுத அவை போதும். கொடிகளின் நிலையும் அப்படியே. பாதியில் சிவப்பும் பாதியில் மஞ்சளும் கொண்ட கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு இடையே காப்பாளர் கண்காணிக்கிறார், அங்கே இறங்கலாம் என்பது பன்னாட்டு வழக்கு. சாலை விளக்கில் சிவப்பையும் மஞ்சளையும் படித்து வளர்ந்தவர் அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு வேறிடத்தில் இறங்கினால் அவரை எப்படிக் குறை சொல்வது? குறி இடுகுறியாக இருக்கலாம். ஆனால் அதைக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். (2010இல் ஹேவ்லாக் தீவில், இன்றைய சுவராஜ் தீவில், ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. முதலைக்கு எச்சரிக்கைப் பலகை எழுதுவது எளிது. படம் போட்டால் போதும், குழந்தைக்கும் புரியும். அமைதியான நீருக்கு எந்தப் படத்தை வரைவது?)

என் ஆய்வுக்குழு நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, 'மொழியியலாளர் கையில் சுத்தியல், காண்பதெல்லாம் ஆணி' என்று சிரித்தார். மது அருந்திவிட்டு இறங்குகிறவர்களுக்கும், காப்பாளரின் ஊதலைக் கேட்டும் கேளாதவர்களுக்கும் எந்தச் சொல் உதவும் என்று கேட்டார். உதவாதுதான். காப்பாளர் எண்ணிக்கை, மீட்பு மிதவை, பணிநேரம் ஆகியவற்றைச் சொல்லால் ஈடுசெய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்சரிக்கை புரிந்தும் மீறியவரையும், புரிந்துகொள்ளவே வாய்ப்பில்லாதவரையும் ஒரே 'அலட்சியம்' என்ற சொல்லில் அடைப்பதை ஏற்க முடியாது. இரண்டாமவருக்கு அரசு கடன்பட்டிருக்கிறது.

பலகையில் என்ன எழுதலாம்? 'நுரையில்லாத கருநீரில் இறங்காதீர். அங்கே நீர் வெளியே ஓடுகிறது' என்று எழுதலாம். 'இடுப்பளவு நீரில் நிற்பதும் இன்று ஆபத்து' என்று எழுதலாம். கண்ணால் காணக்கூடிய ஓர் அடையாளம், நாம் உண்மையில் செய்யும் செயலைக் குறிக்கும் வினை, இன்றைய நாள் என மூன்றும் அதில் இருக்கும். அந்தமானில் வங்காளம், இந்திக்கு அடுத்து அதிகம் பேசப்படும் தாய்மொழி தமிழ். படகோட்டிகளிலும் விடுதிப் பணியாளர்களிலும் இம்மொழிகளைப் பேசுவோர் இருக்கிறார்கள். இலட்சத்தீவில் ஜெசரி பேசுவோரும் மினிக்காயில் மஹல் பேசுவோரும் இருக்கிறார்கள். வாசகத்தை எழுதும்முன் அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

போகிறவர்களுக்குச் சுருக்கமாக: காலையில் இன்காய்ஸ் அறிக்கையில் உயரத்தோடு நொடிக்கணக்கையும் பாருங்கள். இறங்கும்முன் பத்து நிமிடம் நின்று நுரை எங்கே இல்லை என்று பாருங்கள். இழுக்கப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் முதலில் மிதந்து, கையை உயர்த்திக் காட்டுங்கள். வலிமை இருந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து அலை உடையும் பக்கம் சேருங்கள், ஏனெனில் உடையும் அலை கரைக்கே தள்ளும். நண்பர் சிக்கினால் வெறுங்கையோடு பின்னால் பாயாமல் மிதக்கும் எதையாவது எறியுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர், மூவர் இறப்பது இத்தகைய நிகழ்வுகளில் மீண்டும் மீண்டும் நடக்கிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தீவுகளிலோ வேறு கடற்கரைகளிலோ எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். எந்தெந்த மொழிகள் இருக்கின்றன, எந்த வினைச்சொல் பயன்பட்டிருக்கிறது என்று தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். பலகையே இல்லாத கரைகளையும் குறித்து அனுப்பலாம்.