சாலை கண்ணாடி மாதிரி இருக்கலாமா?

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு சாலைக்குப் புதுத் தார் போட்டால், 'கண்ணாடி மாதிரி இருக்கிறது' என்று பாராட்டுகிறோம். குழி இல்லாத சாலை நல்லதுதான். ஆனால் மழையில் பிரேக் பிடிக்கும்போது உங்களைக் காப்பது தாருக்கு மேலே தெரியும் கல்லின் சொரசொரப்பு.

அரை மில்லிமீட்டருக்கும் குறைவான முனைகள் அவை. டயருக்கும் கல்லுக்கும் நடுவே நிற்கும் நீர்ப்படலத்தைக் கிழிப்பவை அவைதான். ஓடும் லாரிகள் அவற்றை நாளடைவில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும். பாலிங் மலையில் பார்க்கிறோமே, அந்தச் சுண்ணாம்புக்கல் வகை சீக்கிரம் வழவழத்துவிடும். கிரானைட்டில் கெட்டியும் மென்மையுமான தாதுக்கள் கலந்திருப்பதால் ஒரே சீராகத் தேயாது, சொரசொரப்பு நிற்கும்.

இதைச் சோதிக்க, கற்களை ஒரு சக்கரத்தின் விளிம்பில் பதித்து, ரப்பர் டயரை அழுத்தி, எமரித் தூளும் தண்ணீரும் விட்டு ஆறு மணி நேரம் தேய்ப்பார்கள். பிறகு மிஞ்சும் பிடிமானமே கல்லின் மதிப்பெண். நம் பொதுப்பணி இலாகாவின் விதி, சாலையின் மேலடுக்குக் கல்லுக்குக் குறைந்தது 40 கேட்கிறது. பிரிட்டனில் வாகனம் மிகுந்த ஆபத்தான வளைவுகளுக்கு 60-க்கும் மேல் கேட்கிறார்கள்.

கல் தேறியதோடு வேலை முடிந்துவிடுமா? ஐந்தாறு ஆண்டு லாரி ஓடிய பிறகு அந்தச் சாலையின் நிலை என்ன? அதை அளக்க, இரண்டு பேர் தூக்கிச் செல்லக்கூடிய ஊசல் கருவியே போதும். நனைத்த சாலையில், நுனியில் ரப்பர் பட்டை பொருத்திய ஊசலை விடுவார்கள். உரசல் அதிகமென்றால் ஊசல் மறுபக்கம் குறைவாக ஏறும், முள் காட்டும் எண் கூடும். (அந்தப் பட்டைக்கு இயற்கை ரப்பரும் பயன்பட்டது, பால் மரம் சீவியவர்களுக்கு இது பிடிக்கும்.) 1969-இல் வெளிவந்த பிரிட்டிஷ் வழிகாட்டி ஒன்று ரவுண்டபவுட், கூர்வளைவு, சமிக்ஞை விளக்கை நெருங்கும் இடம் ஆகியவற்றுக்கு 65, சாதாரணச் சாலைக்கு 45 என்று வகுத்தது.

நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தோட்டத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு இரவு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும் அதில்தானே போகிறார்கள்? ஆண்டுத் தொடக்க வறட்சிக்குப் பின் கெடாவில் பெய்யும் முதல் மழையில், எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கலைக் கூட்டும். அதற்கு முன்பே நகராண்மைக் கழகங்கள் வளைவுகளிலும் முச்சந்திகளிலும் ஊசலை வைத்து அளந்து, எண்களை வெளியிட வேண்டும். குழிக்குப் புகார் கொடுக்கத் தெரிந்த நீங்கள், அடுத்த முறை உங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினரைப் பார்க்கும்போது இதையும் கேளுங்கள்: 'எங்கள் வளைவுக்கு எவ்வளவு?'