அத்தை தேடிய செவ்வாய்



உங்கள் வீட்டு பீரோவிலும் அந்த நோட்டு இருக்கும். நாலு ஓரத்திலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ராசி, நவாம்சம் என்று இரண்டு கட்டங்கள். கல்யாணப் பேச்சு எழுந்தால் வெளியே வரும். ஜெராக்ஸ் கடை வரை போய்விட்டு, திரும்பவும் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சில வருடங்களுக்கு முன் அத்தையோடு திருவனந்தபுரம் போயிருந்தேன். பத்மநாபசுவாமி தரிசனம் முடிந்தும் ரயிலுக்கு நேரமிருந்தது. மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கர் ஓவியங்களுக்கென்றே ஒரு காலரி உண்டு. "மாடர்ன் ஆர்ட்டா? எனக்கெதுக்குடா?" என்று முனகிக்கொண்டே வந்த அத்தை, ஒரு படத்தின் முன் நின்றுவிட்டார். கட்டம் கட்டமாகக் கோடுகள், உள்ளே பொடிப்பொடியாக எழுத்து.

"இது ஜாதகம்டா!" என்றவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு செவ்வாய் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

கிடைக்குமா? மலையாளம் போலத் தெரியும் அந்த எழுத்துகள் பெரும்பாலும் படிப்பதற்கானவையே அல்ல. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் பணிக்கர். 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். பலன் சொல்வதை ஜோசியரிடமே விட்டுவிட்டு, ஜாதகத் தாளின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். நம் ஜாதகத்தை நாமே படித்திருக்கிறோமா? ஜோசியரின் விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அவர் முகம் எப்படிப் போகிறது என்றுதானே பார்க்கிறோம்! புரியாத காகிதத்தை நெஞ்சு படபடக்கப் பார்த்துப் பழகிய நாம், ஓவியத்தின் முன் மட்டும் ஏன் 'புரியல' என்று நகர்ந்துவிடுகிறோம்?

சாமி, சடங்கு என்று வரைந்ததெல்லாம் உசத்தி என்று சொல்லவரவில்லை. ஹோட்டல் ரிசப்ஷன்களில் தொங்கும் புத்தர் தலைகளைப் பார்த்துச் சலித்தவன் நான். பணிக்கரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் வேறு ரகம். சுல்தான் அலி பழங்குடிகளின் சாமிகளையும் காளைகளையும் வரைந்தார். ஹரிதாசனுக்கு யந்திரத் தகட்டின் முக்கோணமும் வட்டமும்.

1966-இல் பணிக்கரும் சக ஓவியர்கள் பலரும் சேர்ந்து, பாத்திக் துணி விற்ற காசில் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். படம் விற்காத காலத்தில் துணி சோறு போட்டது!

ஈசிஆரில் மகாபலிபுரம் போகும்போது எத்தனை முறை அந்த போர்டைத் தாண்டிப் போயிருப்போம்? அடுத்த முறை வண்டியை நிறுத்துங்கள். பிள்ளைகளோடு வீட்டுப் பெரியவர்களையும் உள்ளே அழைத்துப் போங்கள். படங்களைப் பார்த்து அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்