கேட்டுவிட்டுப் போங்கள்

2023 இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கின. தரமணியிலும் பெருங்குடியிலும் ஐ.டி. வேலை பார்க்கும் சென்னை வேளச்சேரி இளைஞர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் இன்று எட்டாக்கனி அல்ல. முதுகுப்பையோடு போய்க் கிராமத்து வீடுகளில் தங்கி, பள்ளியில் பாடம் எடுத்தோ காப்பகக் குழந்தைகளோடு விளையாடியோ திரும்பும் தொண்டுப் பயணங்களும் காசுக்குக் கிடைக்கின்றன. ஊர் சுற்றுவதை நாம் தடுக்கவில்லை. இன்னும் நிறையப் பேர் போகட்டும். ஆனால், குழந்தைகள் காப்பகத்துக்குக் கூட்டிப்போகும் பயணங்களை நம் இளைஞர்கள் அடியோடு புறக்கணிக்க வேண்டும். மற்ற தொண்டுக்கும் அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் மட்டுமே போக வேண்டும்.

கம்போடியாவில் நடந்ததைப் பாருங்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே காப்பகங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. போர் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. பெருகியவர்கள் அனாதைகள் அல்லர். நன்கொடையோடு வந்த வெளிநாட்டவர்கள். காப்பகங்களில் இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்ததாக யுனிசெஃப் கண்டறிந்தது. சோறும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பி ஏழைப் பெற்றோர் அனுப்பிவைத்த பிள்ளைகள் அவர்கள். நேபாளத்திலும் இதே கதைதான். காப்பகத் தொண்டுப் பயணங்கள் குழந்தைக் கடத்தலுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானத்தில் எச்சரித்தது. இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சும் அண்ணன்களும் அக்காக்களும் மாறிக்கொண்டே இருந்தால், அந்தப் பிள்ளை யாரைத்தான் நம்பும்? நம் தெருப் பள்ளிக்குள் முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா?

உதவி பெறுவது எப்படியிருக்கும் என்பது வேளச்சேரிக்குத் தெரியாததல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளங்கள் மூழ்கி, மக்கள் மொட்டைமாடியில் காத்துக்கிடந்தபோது கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். மதில் எங்கே, மூழ்கிய கார் எங்கே என்று தண்ணீருக்கடியில் துழாவித் துழாவித் தெருவுக்குள் படகைச் செலுத்தினார்கள். அது அவர்கள் காலமெல்லாம் கற்ற தொழில். முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அவர்களால் மீட்க முடிந்தது அதனால்தான். அதே நாட்களில் மெயின் ரோட்டில் பிரெட் பாக்கெட்டுகளும் பழந்துணிகளும் குவிந்தன. உள்தெருக்களில் குடிக்கத் தண்ணீர் இல்லை, போர்வை இல்லை, மாத்திரை இல்லை. கொடுத்தவர்கள் அனைவரும் நல்லவர்களே. என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் அந்த நல்ல மனசு வீணாகியிருக்காது. அன்று மொட்டைமாடியில் நின்ற பள்ளிப் பிள்ளைகள்தான் இன்று முதுகுப்பையோடு கிளம்புகிறார்கள்.

அன்பான மக்கள், சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள் என்று தொண்டுப் பயணம் போய்த் திரும்பி வந்தவர்கள் சொல்வது உண்மைதான். வீட்டுக்கு வந்தவருக்கு இலை போடுவது நம் வழக்கமும்கூட. அதற்காக வந்தவர் நம் அடுப்படியில் புகுந்து சமையலைத் திருத்தலாம் என்று ஆகாது. போன ஊரில் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குவதற்கு உரிய வாடகை கொடுப்பது, அங்கேயே சாப்பிடுவது, உள்ளூர் ஆளையே வழிகாட்டியாக வைத்துக்கொள்வது ஆகியவை அந்தக் குடும்பத்துக்கு நேரடியாகப் போய்ச்சேரும் உதவிகள்.

தொண்டு எப்படி நடக்க வேண்டும் என்று பார்க்க பெசன்ட் நகர் கடற்கரை போதும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் ஜனவரி தொடங்கிப் பல மாதங்கள் இரவில் மணலில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். புதிதாக வருகிறவர் டார்ச் அடிக்காமல், சத்தம் போடாமல் பின்னால் நடந்து முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சீசன் முழுக்க இப்படி நடந்தவர் வேறொரு நாட்டுக் கடற்கரைக்குப் போனால், அவரிடம் கொடுப்பதற்கு ஏதோ இருக்கும்.

சட்டமும் இருக்கிறது. தாய்லாந்தில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதி வேண்டும். பணம் வாங்கும் முகவர்கள் இதை முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். தொண்டுப் பயணத்துக்குச் சான்றிதழோ விடுப்போ வழங்கும் கல்லூரிகளும் நிறுவனங்களும், அழைத்த ஊரின் பள்ளியோ பஞ்சாயத்தோ கொடுத்த கடிதத்தை முதலில் கேட்டு வாங்கட்டும். காப்பகப் பயணமென்றால், எந்தக் கடிதம் இருந்தாலும் மறுக்கட்டும்.