கரடிக்கு எந்தத் துப்பாக்கி?

மலையடிவாரத்தில் கரடி ஒருவரைத் தாக்கிவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம், மேலகரத்துத் தேநீர்க் கடைகளில் தொடங்கி எங்கள் ஆசிரியர் அறை வரைக்கும் ஒரே பேச்சாக இருக்கிறது. தோப்புக்காரர்களுக்கு ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்பார் ஒருவர். தோட்டத் துப்பாக்கியெல்லாம் கரடிக்குப் போதாது, ரைஃபிள்தான் வேண்டும் என்பார் மற்றவர். எந்த ரைஃபிள் என்று மூன்றாமவர் கேட்டதும் பேச்சு சூடுபிடித்துவிடும். இலக்கிய அன்பர்கள் கூடும் இவ்விடத்தில் இதென்ன வேண்டாத ஆராய்ச்சி, சிவபூசையில் கரடி புகுந்தாற்போல என்று முகம் சுளிக்க வேண்டாம். கேள்வி மெய்யானது, அடிவாரத்தில் வாழ்வோரின் உயிர் சம்பந்தப்பட்டது. ஆகவே வேட்டையறிந்தவர்கள் அதற்கு என்ன விடை சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பெருங்கரடி வேட்டை ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கும் இடம் அமெரிக்காவின் அலாஸ்கா. வேற்று மாநிலத்தவர் அங்கே பழுப்புக் கரடியை வேட்டையாட வேண்டுமானால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அம்மாநிலத்தில் குடியிருக்கும் நெருங்கிய உறவினரோ உடன் செல்ல வேண்டும் என்பது சட்டம். வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கும் வழிகாட்டியின் துப்பாக்கிக்கும் வேலை வேறு. முன்னவருடையது தொலைவில் நிற்கும் விலங்கை வீழ்த்துவதற்கு. பின்னவருடையது, குறி தப்பிக் காயம்பட்ட கரடி புதரிலிருந்து பாயும்போது அதைச் சில அடித் தொலைவில் நிறுத்துவதற்கு. அதனால்தான் வழிகாட்டிகள் பலர் .338 வின்செஸ்டர் மேக்னம், 1912-இல் வெளிவந்த .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு போன்ற கனத்த ரகங்களை விரும்புகிறார்கள். இவ்வெண்கள் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலக் கணக்கில் குறிப்பவை. .375 ரகத்தின் வழக்கமான குண்டு ஏறத்தாழ 19 கிராம் எடை. கோடியாக் தீவின் ஆண் கரடி 600 கிலோவைத் தாண்டக்கூடியது. அதன் தோளெலும்பைத் துளைத்து உள்ளே போக அத்தகைய கனம் வேண்டியிருக்கிறது.

நம் நாட்டின் கதை வேறு. இங்கே எவர் எந்தத் துப்பாக்கி வைத்துக்கொள்வது என்பதை விலங்கின் உடல் மட்டும் தீர்மானிக்கவில்லை; ஆட்சியின் அச்சமும் தீர்மானித்தது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரின் கையிலிருந்து துப்பாக்கியைப் பெருமளவு விலக்கிவைத்தது. வெள்ளைக்காரச் சிகாரிகளுக்குக்கூடத் தடை வந்தது. .450 ரகத் தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, 1907-இல் அந்த ரகத்தையே ஆங்கில அரசு இந்தியாவில் தடைசெய்தது. அதற்கு மாற்றாகப் பிறந்தவைதாம் .465, .470 முதலிய புகழ்பெற்ற ரகங்கள்.

இந்தியக் கரடி வேட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் பெயர் கென்னத் ஆண்டர்சன். மைசூர்ப் பகுதியில், அரசிக்கெரே அருகே பன்னிரண்டு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட கரடி ஒன்றைத் தாம் சுட்ட வரலாற்றை 1957-இல் வெளிவந்த நூலில் அவர் எழுதியிருக்கிறார். அவர் கையிலிருந்தது .405 வின்செஸ்டர். எங்கள் ஊர் விவாதங்களில் இந்த எண்ணும் எப்படியோ வந்து விழுந்துவிடும். ஆனால் அந்நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஆண்டர்சன் கரடியைத் தேடிச் சென்றவர், துப்பாக்கியை ஏந்தியபடி, எதிர்பார்த்தபடி நடந்தவர். கரடியால் கடிபட்ட கிராமத்தார் ஒருவரும் அப்படி நடந்தவரல்லர்.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நம் மலையின் கருங்கரடி அலாஸ்காக் கரடியோடு ஒப்பிட்டால் சிறியது. ஆண் கரடி பொதுவாக 80 முதல் 140 கிலோ வரைதான் இருக்கும். அதை வீழ்த்த யானைத் துப்பாக்கி தேவையில்லை. நம் அரசுத் தளவாடத் தொழிற்சாலைகள் செய்து, உரிமம் பெற்றவர்களுக்கு விற்றுவரும் .315 வேட்டை ரைஃபிளே நன்கு சுடத் தெரிந்தவர் கையில் போதுமானது. ஆக, ரகம் எது என்ற கேள்விக்கு விடை எளிதாகவே கிடைத்துவிடுகிறது. விடை கிடைக்காதது தொலைவு பற்றிய கேள்விக்கு.

கரடி பெரும்பாலும் இரவிலும் அந்தி சந்திகளிலும் இரை தேடுவது. கறையான் புற்றைப் பிளந்து, மூக்குத்துளையை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய்போல் குவித்து உறிஞ்சும். அதற்கு ஏற்ப மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டு அதற்கு இல்லை. உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும் என்பார்கள். அந்த வேளையில் அதற்கு வேறெதுவும் புலப்படுவதில்லை. கண்பார்வையும் கூர்மையானதன்று. ஆள் அருகே வந்தபின்பே உணர்கிறது. உணர்ந்ததும் திகைத்து எதிர்க்கிறது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய பிராணி அது. ஓடுவதைவிட எதிர்த்து நிற்பதே அதற்கு இயல்பாகிவிட்டது. முதுகில் குட்டிகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். இவை எல்லாம் நடந்து முடிய ஒரு சில நொடிகளே ஆகின்றன. தோளில் மாட்டிய ரைஃபிளைக் கழற்றி, தோட்டாவை ஏற்றி, இருட்டில் கறுப்பு விலங்கைக் குறிபார்க்க எவருக்கு அவகாசம் இருக்கும்?

இது நாம் ஊகித்துச் சொல்வதன்று. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள், 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கி உடனிருந்த 269 கரடி மோதல்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே குழுவினர் 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மிளகாய்க் காரம் கலந்த தெளிப்பான் பழுப்புக் கரடியின் விரும்பத்தகாத நடத்தையை நூற்றுக்கு 92 முறை நிறுத்தியது. கனரகத் துப்பாக்கிகளின் தாய்நாட்டிலேயே நிலைமை இதுதான்.

நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2022 நவம்பரில் கடையம் அருகே இருசக்கர வாகனத்தில் சென்ற சிறுவியாபாரி ஒருவரைக் கரடி புதரிலிருந்து பாய்ந்து கடித்துக் குதறியது. காப்பாற்ற ஓடிய இருவரும் கொடுங்காயம் அடைந்தார்கள். மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அந்தக் கரடியும் பின்னர் இறந்தது. அன்று அவ்விடத்தில் ஒரு ரைஃபிள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். வண்டியோட்டி வந்தவர் அதை எடுத்திருக்க முடியாது. ஓடி வந்தவர் சுட்டிருந்தால், மனிதனும் விலங்கும் பின்னிக் கிடந்த அந்த இடத்தில் குண்டு யார்மீது பாய்ந்திருக்கும்? எந்த ரகமும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது.

மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து சங்க இலக்கியம் நடத்துகிற வாத்தியார்களுக்கு இப்படிப் பேசுவது எளிது என்று தோப்புக்காரர்கள் சொல்லக்கூடும். அந்தக் கோபத்தை நாம் மதிக்கிறோம். மத்தியப் பிரதேசத்தில் 1989 முதல் 1994 வரையிலான ஐந்தாண்டுகளில் மட்டும் கரடிகளால் 48 பேர் இறந்தார்கள், 687 பேர் காயமடைந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிழைத்தவர்களில் பலர் முகத்தை இழந்தவர்கள். கரடியை வெறும் தேன்குடிக்கும் பிராணியாகக் கொஞ்சுகிறவர்கள் அந்த முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. நம் வாதம் கரடிக்காக அன்று; முதலில் மனிதனுக்காகத்தான். காப்பாற்றாத கருவி ஒன்றைக் காப்பு என்று நம்பி, அந்தத் தெம்பில் இருட்டுக்குள் நடப்பதே பெரிய ஆபத்து.

துப்பாக்கிக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு கையில். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது கரடி. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைப் பிடிக்கவும் மயக்கவும் இடம்மாற்றவும் இயலாது என்று உறுதியானால் மட்டுமே, தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் காரணங்காட்டி அதைக் கொல்ல அனுமதிக்கலாம். தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. மயக்க ஊசி பட்ட கணத்திலேயே விலங்கு விழுந்துவிடுவதில்லை. மருந்து வேலை செய்யப் பல நிமிடங்கள் ஆகும். வலி கண்ட கரடி அந்த நிமிடங்களில் ஊசி எய்த கால்நடை மருத்துவரை நோக்கியே வரலாம். அவர் பக்கத்தில் நிற்கும் வனக்காவலர் கையில்தான் ரைஃபிள் வேண்டும். அலாஸ்கா வழிகாட்டியின் வேலை இங்கே அவருடையது. நல்ல நிலையில் பேணப்பட்டு, ஆண்டுதோறும் சுட்டுப் பயின்ற கையில் இருந்தால் நடுத்தர ரகமே போதும். நாம் அரசிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: தென்காசி மலையடிவாரத்துக்கென்று மயக்க ஊசித் துப்பாக்கி, வலை, கூண்டு, கால்நடை மருத்துவர், பயின்ற காவலர் ஆகிய அனைத்தும் கொண்ட ஒரு குழு, அழைத்த ஒருமணி நேரத்தில் வந்து சேரும் தொலைவில். ஊர்தோறும் உரிமம் கேட்பதைவிட இது கடினமான கோரிக்கை, ஆனால் பயனுள்ளது.

குழு வரும்வரை? இங்கேதான் நம் பழந்தமிழ்ப் பாடல்களின் நினைவு வருகிறது. எண்கு, உளியம் என்று கரடிக்குப் பெயரிட்டு, அது இரவில் புற்றகழ்ந்து குரும்பி தேடுவதையும் இருப்பைப் பூவை உண்பதையும் அவ்வளவு நுணுக்கமாகப் பதிவுசெய்தவர்கள் அப்புலவர்கள். பாடல்களில் அந்தக் கரடி எதற்கு வருகிறது? இரவில் மலைவழியே வரும் தலைவனை எண்ணித் தலைவியும் தோழியும் அஞ்சுவதற்கு. ஆறுபார்த்துற்ற அச்சம் என்று உரையாசிரியர்கள் இதற்குத் துறை வகுத்தார்கள். தலைவன் கையில் வேல் இருக்கிறது. அவன் வீரத்தில் தோழிக்கு ஐயமில்லை. ஆனாலும் இன்னும் நல்ல வேலாகக் கொண்டுவா என்று அவள் சொல்வதில்லை. இந்நேரத்தில் இவ்வழியில் வராதே என்கிறாள். வரைவு வேண்டும் உள்நோக்கம் ஒருபுறம் இருக்கட்டும். ஆபத்தைப் பற்றிய அவள் அறிவு பழுதற்றது.

மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலும் ஒரு வேட்டைக்காரன் வருகிறான். சிங்கன் பறவை பிடிப்பது கண்ணி வைத்து. பறவை எப்போது எங்கே இறங்கும் என்ற அறிவுதான் அவன் முதல். அந்த அறிவை நாம் இன்று கரடி வரும் வழிகளுக்குத் திருப்ப வேண்டும். தோப்புக்குப் போகும் பாதையின் இருபுறமும் புதர் வெட்டுவது. பழுத்து விழும் பலாவை இரவில் கிடக்கவிடாமல் அப்புறப்படுத்துவது. குற்றாலச் சீசனில் குவியும் எச்சில் இலைகளையும் குப்பையையும் அன்றன்றே அகற்றுவது. பொத்தையோரத் தெருக்களில் எரியும் விளக்கு. விடியுமுன் தனியே போகாமல் இருவர் மூவராய்ப் பேசிக்கொண்டு போவது. பேச்சொலி கேட்டால் கரடி பெரும்பாலும் விலகிவிடும். திகைப்புத்தான் அதைப் பாயவைக்கிறது. இவற்றில் பாதி ஊராட்சி செய்ய வேண்டியவை, பாதி நாமே செய்யக்கூடியவை. ஒன்றுக்கும் உரிமம் தேவையில்லை.

தேநீர்க் கடையில் அடுத்த முறை எந்த ரைஃபிள் என்ற கேள்வி எழுந்தால், விடையை இரண்டு பகுதியாகச் சொல்லலாம். வனக்காவலருக்கு, அவர் நன்கு பயின்ற ரைஃபிள். மற்ற நமக்கெல்லாம் ஒரு கைவிளக்கும், துணைக்கு ஓர் ஆளும், உரத்த பேச்சும்.